பிலோமினா அக்கா ஒடித்த கை

அந்தச் சனிக்கிழமை காலை நான் கல்முனைச் சந்தையில் மீன் பார்த்துக்கொண்டிருந்தேன். பாரை ஒன்றின் செவிளைத் தூக்கி, நேற்றையதா இன்றையதா என்று மீன்காரரோடு வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. எங்கள் பங்குப் பேரவையின் செயலாளர். அவரும் நானும் நான்கு வருடங்களாகத் தேவையில்லாமல் கதைப்பதில்லை.

"சேர், பிலோமினா அக்கா போயிட்டா" என்றார். "கோயில் கேற்றடியிலதான். பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நிண்டவ, அப்படியே மதிலோட சாஞ்சி இருந்திட்டாவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக்குள்ளயே முடிஞ்சி."

நான் ஓம் என்றேன். மீன்காரர், "வெட்டவா சேர்?" என்று கேட்டார். வெட்டச் சொல்லிவிட்டு, கத்தி முள்ளில் இறங்கும் சத்தத்தைக் கேட்டபடி நின்றேன். அப்போது எனக்கு வந்த முதல் நினைவு துக்கம் அல்ல. நாளைக்கு அவர் என்னிடம் வரமாட்டார் என்பதுதான்.

ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவிக்கும்படி குருவானவர் சொல்லும்போது நாமெல்லாம் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக் கை கூப்புகிறோம். பிலோமினா அக்கா அந்த நேரத்தில் தான் காவல் நிற்கும் கேற்றை விட்டு உள்ளே வந்து, கோயிலின் நடுப்பாதை முழுவதையும் நடந்து, முன்வரிசையில் நிற்கும் என்னிடம் வந்து கை கூப்புவார். ஆறு வருடங்களாக வந்தார். நான் ஒருமுறைகூட என் கைகளைக் கூப்பவில்லை. நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். பார்க்காததுபோல நின்றீர்கள், அதுவும் எனக்குத் தெரியும்.

அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். மற்றவர்கள் எழுதியவற்றை வாங்கிப் பார்த்தேன். ஒருவர் அவரைச் சாந்தத்தின் வடிவம் என்கிறார். இன்னொருவர் கடிந்து ஒரு சொல் பேசாதவர் என்கிறார். இவர்கள் எந்த பிலோமினா அக்காவைப் பற்றி எழுதுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நம்முடைய அக்கா அடிப்பவர். நன்றாக அடிப்பவர். என் வலது கையை ஒடித்தவர். ஒரு பக்கத்தில் இதை எழுத முடியாது. அதனால் நீளமாக எழுதுகிறேன்.

முப்பது வருடம் அவர் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்தவர்களுக்குப் பிளாஸ்டர் போடும் அறையில் உதவியாளராக இருந்தார். தென்னையால் விழுந்தவர்கள், மோட்டார் சைக்கிளில் அடிபட்டவர்கள், சண்டையில் உடைந்தவர்கள் எல்லோரையும் டொக்டர் இழுக்கும்போது மறுமுனையில் பிடித்துக்கொள்பவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் நம் பங்கில் எவருக்கு எது சுளுக்கினாலும் முதலில் அவருடைய படலையைத்தான் தட்டுவார்கள். என் மனைவியின் தோள்மூட்டு விலகியபோது நானே அழைத்துப் போனேன். மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"கத்து புள்ள" என்றார் அக்கா. "கத்தினா நல்லம். கத்தாத ஆக்கள்ட எலும்பு பிடிவாதமா நிக்கும்."

மனைவி கத்தினாள். எலும்பு உட்கார்ந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். "பாருங்க, சேருக்குத்தான் கூட நோகுது" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவும் அவர்மீது எனக்குச் சிறிது காலம் கோபம் இருந்தது.

திருவிழாவில் நடந்த சண்டை மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். புனிதரின் சுரூபத்தை வைத்துத் தூக்கும் கூட்டின் முன்தடியை யார் பிடிப்பது என்பது நம் கோயிலில் தலைமுறைச் சண்டை. கடற்கரைப் பக்கத்துக் குடும்பமும் சந்தைப் பக்கத்துக் குடும்பமும் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் பிடிப்பது என்று பேசி வைத்திருந்தார்கள். புயலால் ஒரு வருடம் சுற்றுப்பிரகாரம் நடக்கவில்லை. அந்த வருடத்தைக் கணக்கில் எடுப்பதா விடுவதா என்று தொடங்கியதுதான். வீதியில், பாட்டு நடுவே, சுரூபத்தை நிலத்தில் இறக்கி வைத்துவிட்டுத் தடிகளை உருவி ஒருவரையொருவர் மண்டையில் போட்டார்கள். ஒருவருக்கு மூன்று பல் போனது. மற்றவருக்குக் காது கிழிந்து தொங்கியது. புனிதர் பூமாலையோடு தார் வீதியில் நின்றுகொண்டிருந்தார்.

பங்குக் குருவான சுவாமி ஒலிபெருக்கியில் செபமாலையை உரத்துச் சொன்னார். அதுதான் அவரால் முடிந்தது. பிலோமினா அக்கா போய் சுரூபத்துக்குப் பக்கத்தில் வீதியில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். கையில் தோரணம் கட்டிய கமுகம் தடி. கிட்ட வந்தவர்களின் காலில் விளாசினார். எந்தப் பக்கத்து ஆள் என்று பார்க்கவில்லை. ஏழெட்டுப் பேர் காலைப் பிடித்துக்கொண்டு வீதியோரம் விழுந்தார்கள். பிறகு விழுந்தவர்களைத் தாண்டி எழுந்து, பெண்களைக் கூப்பிட்டுக் கூட்டைத் தூக்க வைத்தார். அந்த வருடம் புனிதர் பெண்களின் தோளில்தான் கோயில் திரும்பினார்.

அன்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "கணுக்காலுக்கு மேல நாலு விரல். அங்க அடிச்சா ஒடியாது. ஆனா மூண்டு நாளைக்குச் சண்டைக்கு நடந்து போக ஏலாது." இதைச் சொல்லிக்கொண்டே அடிபட்டவர்களுக்கு வரிசையாகத் துணி சுற்றினார்.

இனி நான் எழுத விரும்பாததை எழுத வேண்டும்.

உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த அந்தக் கிழமை. என் மனைவியின் உறவில் ஒரு தாயும் மகளும் பூசைக்குப் போய்த் திரும்பி வரவில்லை. பெட்டிகளைத் திறக்கவில்லை. அடக்கம் முடிந்து வந்த பிறகு என் மனைவி இரண்டு நாள் சாப்பிடவில்லை, பேசவில்லை. எல்லாக் கோயில்களிலும் பூசை நிறுத்தப்பட்டிருந்தது. ஊரடங்கு தளர்த்திய ஒரு பிற்பகலில் நம் கோயில் வளவில் ஆண்கள் சிலர் கூடினோம். காவல் நிற்க வந்தோம் என்று சொல்லிக்கொண்டோம். ஆறு பேர். ஒரு கலனில் பெற்றோல் இருந்தது.

கோயிலிலிருந்து நூறு யார் தூரத்தில், அண்ணன் முறைவைத்து நாமெல்லாம் காக்கா என்று கூப்பிடும் ஹனீபாவின் தையல்கடை. நம் பீடத் துணிகள், பூசை உடுப்புகள், முதல் நன்மைப் பிள்ளைகளின் வெள்ளை உடுப்புகள் எல்லாம் அவர் தைத்தவை. மருதமுனைத் தறிக்காரர்களிடம் சொல்லி எந்த நிறமென்றாலும் எடுத்து வைத்திருப்பார். நம்மில் பலருக்கு எந்த ஞாயிறுக்கு எந்த நிறம் என்று தெரியாது. அவருக்குத் தெரியும். "சேர், தவக்காலம் கிட்டுது, ஒங்கட சுவாமிட ஊதா உடுப்பு கக்கத்தில கிழிஞ்சிரிக்கி, அனுப்பி வைக்கச் செல்லுங்க" என்று வீதியில் என்னை மறித்துச் சொல்லுவார். அந்தக் கடையைத்தான் கொளுத்தப் போனோம். குண்டு வைத்தவர்கள் முஸ்லிம்கள், அவரும் முஸ்லிம்; வேறு காரணம் இல்லை. அது கிட்ட இருந்தது.

கேற்றை நெருங்கியபோது பிலோமினா அக்கா உள்ளே நின்றார். இரண்டு கதவுகளையும் சாத்தி, குறுக்கே போடும் இரும்புத் தடியைக் கையில் வைத்திருந்தார்.

"எங்க எல்லாரும்?"

"நீங்க வீட்ட போங்க அக்கா" என்றேன்.

"கலனுக்குள்ள என்ன?"

ஒருவர் "தண்ணி" என்றார்.

"தண்ணியெண்டா ஒரு முடறு குடி பாப்பம்."

யாரும் சிரிக்கவில்லை. நான் முன்னால் வந்தேன். "அக்கா, அவங்க எங்கட பிள்ளையளச் சாகடிச்சிருக்காங்க."

"ஆரு? ஹனீபாவா?"

"ஹனீபா எண்டு நான் சொல்லல்ல. அவங்க."

"சரி. அந்த அவங்கட கடை எங்க இரிக்கி? காட்டுங்க, நானும் வாறன். எனக்கு இந்த றோட்டில ஹனீபாட கடைதான் தெரியுது."

நான் உயர்தர வகுப்பில் அரசறிவியல் படிப்பிப்பவன். இருபது வருடமாகக் கோயிலில் முதல் வாசகம் வாசிப்பவன். எனக்குச் சொற்களுக்குக் குறைவில்லை. அந்தக் கேற்றடியில் நின்று, ஒரு சமூகம் தன் பிணங்களை எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தால் அடுத்த முறையும் அதுவே எண்ண வேண்டிவரும் என்று பேசினேன். கரையோரக் கலவரங்களின் வரலாறு முழுவதையும் சொன்னேன். நான் பேசப் பேசப் பின்னால் நின்றவர்களுக்குத் துணிவு வருவது எனக்குத் தெரிந்தது. அது எனக்கு இதமாகவும் இருந்தது. அக்கா குறுக்கிடவில்லை. கடைசிச் சொல்வரை கேட்டார்.

"படிச்ச ஆக்கள் கதைச்சா கேக்க நல்லாத்தான் இரிக்கி" என்றார். பிறகு அடித்தார்.

காய்ந்த மட்டையை முழங்காலில் வைத்து முறிக்கும் சத்தம் வந்தது. அது என் கையிலிருந்து வந்தது என்று விளங்குவதற்குள் நான் பிடித்திருந்த கலன் விழுந்து என் காற்சட்டை முழுவதும் நனைந்துவிட்டது. என்னைப் பிடிக்க வந்தவருக்குத் தொடையில் ஒன்று விழுந்தது. அவர் நெற்கட்டுபோலச் சரிந்தார். யாரோ ஒரு கல்லை எறிந்தார். அது அக்காவின் இடது புருவத்தில் பட்டுத் தோல் பிளந்தது. இரத்தம் கண்ணுக்குள் ஓடியது. அவர் துடைக்கவில்லை. துடைத்தால் ஒரு கை தடியை விட வேண்டும். எறிந்தவர் இன்றைக்கும் நம் பாடகர் குழுவில் நிற்கிறார். பெயர் எழுத மாட்டேன். அவருக்குத் தெரியும்.

எங்களில் ஒருவரின் கையில் லைட்டர் இருந்தது. அக்கா ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தார்.

"பத்த வை தம்பி. ஹனீபாட கடை வரைக்கும் ஏன் போவான்? முதல்ல எரியிறதுக்கு சேர் நனைஞ்சி நிக்கிறார்."

அவர் லைட்டரைச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு ஒவ்வொருவராகப் பின்மதில் வழியாகப் போனார்கள். என்னை யாரும் கூட்டிப் போகவில்லை. இதையும் நான் மறக்கவில்லை.

அக்கா என்னைக் கோயில் படியில் இருத்தினார். பீடத்துக்குப் பின்னாலுள்ள உடுப்பு அறைக்குப் போய், மெழுகுதிரிப் பெட்டியின் இரண்டு பலகைத் துண்டுகளையும், தவக்காலத்தில் சுரூபங்களை மூடும் ஊதாத் துணியையும் எடுத்து வந்தார். துணியைப் பல்லால் கிழித்தார். அவருடைய புருவத்து இரத்தம் அதில் சொட்டியது. கட்டும்போது பேசினார். என்னோடு பேசியதுபோல இல்லை.

"எனக்கொரு தம்பி இருந்தவன். பழைய கலவரத்தில இதே மாதிரிக் கலனோட போனவன். நான் கேற்றப் பிடிச்சிக்கொண்டு நிண்டு அழுதன். போகாத எண்டு அழுதன். அவன் போய்ச் செஞ்சிட்டு வந்து கிணத்தடியில கை கழுவினான். மூண்டு மாசத்தில அவன ஆரோ சுட்டுட்டாங்க. அழுதிருக்கக் கூடாது சேர். ஒடிச்சிருக்க வேணும்."

முடிச்சைப் போட்டார். "எங்க அடிச்சா நேராப் பொருந்தும் எண்டு பாத்துத்தான் அடிச்சனான். ஆறு கிழமை. இப்பவே பிளாஸ்டர் அறைக்குப் போங்க. என்ட பேரச் சொல்லுங்க. கோணாது."

நான் போகவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தத் துணியை இடது கையால் பிய்த்து எறிந்தேன். அதன் விளிம்பில் ஹனீபா காக்காவின் தையலைக் கண்டேன். அவர் ஓரத்தை எப்போதும் இரட்டையாக மடித்துத் தைப்பவர். அந்தத் தையலைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. பாடசாலைக்கு மோட்டார் சைக்கிளால் விழுந்ததாக அறிவித்தேன். தெற்கே தொலைவில் ஓர் ஊரில், எலும்பு கட்டுவதாகச் சொல்லிக்கொண்ட ஒருவரிடம் போய்க் கட்டுவித்தேன். அக்காவின் பெயரைச் சொல்லிக் குணமாவதைவிட அது மேல் என்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்துக் கட்டை அவிழ்த்தபோது மணிக்கட்டு வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. கோயிலில் எல்லோரிடமும் பிலோமினா என் கையைக் கோணலாக்கிவிட்டாள் என்று சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள். ஒடித்தது அவர். கோணலாக்கியது நான். இதை முதல் தடவையாக எழுதுகிறேன்.

பூசைகள் மீண்டும் தொடங்கியபோது கேற்றில் பைகளைச் சோதிக்க ஆள் தேவைப்பட்டது. அக்கா கேட்காமலே போய் நின்றார். முதல் ஞாயிறு என் தோள்பையைக் கண்டு, "திறங்க சேர்" என்றார்.

"அக்கா, இருபது வருசமா நான் இந்தக் கோயில்ல வாசிக்கிறவன்."

"ஓம். கலனோட வந்ததும் நீங்கதானே."

எனக்குப் பின்னால் வரிசையில் பதினைந்து பேர். நான் பையைத் திறந்தேன். வேதாகமமும் மூக்குக்கண்ணாடியும் இருந்தன. கண்ணாடிக் கூட்டையும் திறந்து பார்த்துவிட்டுத் தந்தார். அதே பூசையில்தான் முதல் தடவையாக நடுப்பாதையில் நடந்து வந்து என் முன்னால் நின்று கை கூப்பினார். புருவத்தில் தையல் போட்ட தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. நான் அவருடைய தலைக்கு மேலால், சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்தேன். அவர் ஒரு கணம் நின்றார். திரும்பிக் கேற்றுக்குப் போனார்.

அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும். கொரோனாவுக்குப் பிறகு முகக்கவசத்தோடு ஆறடி தள்ளி நின்று கை கூப்பினார். மழைக்காலத்தில் ஈரக் காலோடு வந்து தரையில் தடம் பதித்தார். நான் பங்குப் பேரவையில் முறைப்பாடு செய்தேன்: பூசை நடுவே கேற்று இரண்டு நிமிடம் காவலில்லாமல் கிடக்கிறது, பாதுகாப்புக்குக் கேடு என்று. பேரவையில் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"அந்த ரெண்டு நிமிசத்தில ஏதும் நடந்தா நான் பொறுப்பு" என்றார். "ஆனா அந்த ரெண்டு நிமிசம் இல்லாட்டி நான் ஏன் கேற்றடியில நிக்கிறன்?"

அந்தக் கூட்டத்தில் செயலாளர் அவர் பக்கம் நின்றார். அன்றிலிருந்துதான் அவரோடும் எனக்குப் பேச்சில்லை.

பூசையில் நாம் நன்மை என்று வாங்கும் நற்கருணை அப்பத்தை அக்கா வாங்குவதில்லை என்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். கேற்றில் காவல் என்பதால் வரவில்லை என்று எல்லோரும் நினைத்தோம். நன்மை கொடுக்கும் நேரத்தில் கேற்றருகே முழந்தாளில் இருப்பார். பார்வை மட்டும் பீடத்தில் இருக்கும். உண்மைக் காரணத்தை எனக்குச் சொன்னவர் நம் கோயில் ஆள் இல்லை.

போன வருடம் என் மனைவிக்குக் காய்ச்சல். அவள் தைக்கக் கொடுத்த சட்டையை எடுக்க நான் ஹனீபா காக்காவின் கடைக்குப் போக வேண்டிவந்தது. ஐந்து வருடங்களுக்குப் பிறகு அந்தப் படியில் கால் வைத்தேன். அவர் மெசினிலிருந்து எழும்பவில்லை.

"வாங்க சேர். காணக் கிடைக்கல்ல. வழி மறந்திட்டீங்க எண்டு நெனச்சன்."

"வேலை கூட" என்றேன்.

"ஓம், ஓம்." நூலைப் பல்லால் கடித்தார். "பிலோமினா அக்கா நன்மை வாங்குறல்லையாமே, மெய்யா?"

"எனக்கென்ன தெரியும்."

"நான் கேட்டன் சேர். ஏன் அக்கா, ஒங்கட கோயில்ல ஆகப் பெரிய விசயம் அதுதானே எண்டு. அதுக்கு அவ செல்லுறா, ஒரு மனிசனுக்கு என்னோட மனக்குறை இரிக்கக்குள்ள நான் போய் நாக்க நீட்ட ஏலாது, அந்த ஆள் ஒருக்காக் கை கூப்பட்டும், அதுக்குப் பிறகு போறன் எண்டு." சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "எந்த ஆள் எண்டு நான் கேக்கல்ல."

நான் பையை வாங்கினேன். வெளியே வரும்போது பின்னாலிருந்து சொன்னார்:

"அண்டைக்குப் பெற்றோல் மணம் இங்க வரைக்கும் வந்திச்சி சேர். நான் கடையச் சாத்தல்ல. சாத்தினா, அக்காட கேற்றில எனக்கு நம்பிக்கையில்ல எண்டு ஆயிரும்."

இதைக் கேட்ட பிறகு ஒரு வருடம் இருந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட ஞாயிறுகள். ஒவ்வொரு ஞாயிறும் அவர் வந்தார். ஒவ்வொரு ஞாயிறும் நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பிறகு முதல் ஆளாகப் போய் நன்மை வாங்கினேன். அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டே வாங்கினேன். கை கூப்பினால் அவர் அடித்தது சரி என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் எழுதத்தான் வேண்டும்: அவர் அங்கே பசியோடு முழந்தாளில் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. இரும்புத் தடியால் அவர் என்னை அடித்தது ஒரே ஒரு தடவை. நான் அவரை ஞாயிறுதோறும் அடித்தேன். அவருக்கு எங்கே அடித்தால் பொருந்தும் என்று தெரியும். எனக்கு எங்கே அடித்தால் பொருந்தாது என்று தெரிந்தது.

அடக்கப் பூசைப் பிரசங்கத்தில் சுவாமி சொன்னதைக் கேட்டீர்கள். நன்மை வாங்க உங்களுக்கு ஒரு தடையும் இல்லை என்று அவர் பல தடவை அக்காவிடம் சொல்லியிருக்கிறார். "சுவாமி, ஒங்களுக்குத் தடை இல்லாம இரிக்கலாம். எனக்கு இரிக்கி" என்பதுதான் பதில். மதிலோடு சாய்ந்த அந்த நிமிடத்தில் யாருக்கும் நன்மை கொண்டு ஓட நேரம் கிடைக்கவில்லை. ஆறு வருடப் பசியோடு போனார். அந்தப் பசிக்குச் சொந்தக்காரனான நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

சமாதானம் தெரிவிக்கும் நேரம் வந்தது. பெட்டி நடுப்பாதையில், அவர் வழக்கமாக நடந்து வரும் வழியில் இருந்தது. நான் எழுந்து போய்ப் பெட்டியின் தலைமாட்டில் நின்று கை கூப்பினேன். சிலர் அழுதீர்கள். எனக்கு அழுகை வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது. பதில் சொல்ல முடியாத ஒருவரிடம் கை கூப்புவது எவ்வளவு இலகுவாக இருந்தது! ஒரு நிமிடமும் ஆகவில்லை.

அதனால் அங்கே நிற்க முடியாமல் நடுப்பாதையில் நடந்தேன். அவர் திரும்பிப் போகும் அதே வழி. கேற்றில் யாரும் இல்லை. வெளியே, மதில் நிழலில் ஹனீபா காக்காவும் வீதியிலுள்ள வேறு சில கடைக்காரர்களும் தொப்பியோடு நின்றிருந்தார்கள், பெட்டி வெளியே வரும்வரை. நான் காக்காவின் முன்னால் போய்க் கை கூப்பினேன். அன்று நான் என்ன செய்ய வந்தேன் என்பதைச் சொல்லத் தொடங்கினேன்.

"தெரியும் சேர்" என்றார். "அத விடுங்க."

அவர் என் வலது மணிக்கட்டைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். துணியைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். பெருவிரலால் வளைவை அளந்தார்.

"இந்தக் கையோட ஆறு வருசமா ஆரிட்டச் சட்டை தைக்கிறீங்க? வலது பக்கம் அரை இஞ்சு கூட வைக்க வேணும். கோணல் தெரியாம வைக்கலாம்."

அந்தச் சட்டையை இந்த முப்பத்தோராம் நாளுக்குப் போடுவேன். தைத்துத் தந்துவிட்டார்.

இப்போது ஞாயிறுகளில் கேற்றில் நான் நிற்கிறேன். யாரும் கேட்கவில்லை. முதல் வாசகத்தை வேறு யாராவது வாசிக்கட்டும். நன்மை வாங்குவதில்லை. என்மீது மனக்குறை உள்ளவர்களை எண்ணிப் பார்த்தேன். அக்காவுக்கு ஒருவர்தான், எனக்கு அதிகம். செயலாளரிடமிருந்து தொடங்கியிருக்கிறேன். அவரைப் பற்றி ஆயருக்குப் போன மொட்டைக் கடிதம் யார் எழுதியது என்று அவர் நெடுநாளாகத் தேடினார். நான்தான். இந்த மலரை அச்சுக்குக் கொடுப்பவரும் அவர்தான். இந்த வரியை வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். போன ஞாயிறு நடுப்பாதையில் நடந்து போய் அவர் முன்னால் நின்று கை கூப்பினேன். அவர் என் தலைக்கு மேலால் பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்தார். அது எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். திரும்பிக் கேற்றுக்கு நடக்கும்போது அந்தப் பாதை வரும்போது இருந்ததைவிட நீளம்.

அடுத்த ஞாயிறும் போவேன்.

அக்காமீது எனக்குக் கோபம் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். மழை இருட்டும்போது கை வலிக்கிறது. வலிக்கும்போது அவரைத் திட்டுகிறேன். ஆனால் அந்தக் கை ஒரு கடையைக் கொளுத்திய கை இல்லை. கிணற்றடியில் கழுவ வேண்டிய தேவை அதற்கு வரவில்லை. கை கூப்பும்போது இரண்டு உள்ளங்கைகளும் பொருந்துவதில்லை. வலது கை விலகி, நடுவில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டு நிற்கிறது. பிலோமினா அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கைதான். அதைத்தான் ஞாயிறுதோறும் கொண்டுபோகிறேன்.